போர் தண்ணி, இன்வெர்ட்டர் லைன், வீட்டில் வயசானவர்: எந்தக் கெட்டில் சரிப்படும்?

மேடவாக்கம்_மருமகள்

வணக்கம். அடுக்குமாடி வீடு. குழாயில வர்றது போர் தண்ணியும் லாரித் தண்ணியும் கலந்தது, குடிக்க 20 லிட்டர் கேன். இப்ப இருக்கிற கெட்டில் 1.5 லிட்டர், 1500 வாட், சாதா ஸ்டீல். மூணு தொல்லை.

தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே லைட் அணைஞ்சிடுது, கால் மணி நேரம் விட்டா திரும்ப எரியுது. பிளக் கை வைக்க முடியாம சுடுது. கரண்ட் போயிருக்கும்போது போட்டா இன்வெர்ட்டர் கத்திட்டு நின்னுடுது.

மாமனாருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்திரை போட வெந்நீர் வேணும், கை நடுக்கம் உண்டு. கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கணும். சளி பிடிச்சா ஆவி பிடிக்கணும். மாமியார் அதிலேயே பாலும் காய்ச்சலாமேங்கிறாங்க. கடையில "2 லிட்டர், 2000 வாட், டபுள் வால் எடுத்துக்கோங்க"ன்னாங்க. எது வாங்கறது?

ரிப்பேர்_பெஞ்ச்

வாங்கறதை அப்புறம் பார்க்கலாம் மேடம். முதல்ல டார்ச் அடிச்சு கெட்டிலோட அடித்தட்டைப் பாருங்க. சாம்பல் வெள்ளையா, நகத்தால சுரண்டினா பொறுக்கு உதிர்ற மாதிரி இருக்கா? குழாய்த் தண்ணியைத்தானே ஊத்துறீங்க?

மேடவாக்கம்_மருமகள்

ஆமாம் சார். கேன் தண்ணி வீணாகுதேன்னு ஆவி பிடிக்க, பாட்டில் கழுவ எல்லாம் குழாய்த் தண்ணிதான். அடியில தடிமனா வெள்ளைப் படலம் இருக்கு, சில இடத்துல பழுப்பா.

ரிப்பேர்_பெஞ்ச்

அப்ப முதல் தொல்லைக்குக் காரணம் அதுதான். கெட்டிலுக்குள்ள ரெண்டு காவல் இருக்கு. கைப்பிடிப் பக்கம் ஒரு பைமெட்டல் தகடு, ரெண்டு உலோகத்தை ஒட்டினது. தண்ணி கொதிச்சதும் ஆவி ஒரு சின்ன ஓட்டை வழியா வந்து அதைச் சூடாக்கும், அது வளைஞ்சு சுவிட்சைத் தட்டிவிடும். மூடியைத் திறந்து வெச்சா கெட்டில் தானா அணையாததும் இதனாலதான், ஆவி அந்தப் பக்கம் போறதே இல்லை. இன்னொரு காவல் அடித்தட்டுக்குக் கீழ. தண்ணி இல்லாம ஓடினா தட்டு எகிறிச் சூடாகுமே, அப்ப கரண்டை வெட்டும்.

உப்புப் படலம் தட்டோட சூட்டைத் தண்ணிக்குப் போக விடாது. தண்ணி 80 டிகிரியில இருக்கும்போதே தட்டு தாறுமாறாச் சூடாகி, காலிக் கெட்டில்னு நினைச்சு கீழ்க் காவல் வெட்டிடும். தட்டு ஆறினதும் திரும்ப ஓடும். பல மாடல்ல லைட் மட்டும் அணையும், சுவிட்ச் கீழேயே நிக்கும். அதை வெச்சே கண்டுபிடிக்கலாம். சுவிட்ச் 'டக்'னு மேல வந்தா அது ஆவிக் காவல்.

எடுக்கிற விதம்: மளிகைக் கடையில லெமன் சால்ட்னு கேளுங்க, சிட்ரிக் ஆசிட் தான். கேன் தண்ணி முக்கால் லிட்டர் ஊத்திச் சூடு பண்ணுங்க. இடையில வெட்டிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சூடு போதும். பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு டேபிள்ஸ்பூன் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. மொத்தமாக் கொட்டினா நுரைச்சுப் பொங்கி கைமேல வரும். அரைமணி நேரம் ஊறட்டும். கொட்டிட்டு மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்சால தேச்சுக் கழுவுங்க. படலம் தடிமனா இருந்தா இன்னொரு தடவை. கடைசியா நல்ல தண்ணியை ரெண்டு முறை கொதிக்கவெச்சுக் கீழ ஊத்திடுங்க. கம்பி நார் வேண்டாம். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், ஸ்டீலை ஓட்டை போட்டுடும். கழுவும்போது கெட்டிலோட அடிப்பாகத்தைத் தண்ணியில முக்காதீங்க.

பழுப்புக் கறையைப் பார்த்து துரு பிடிச்சதுன்னு பல பேர் கெட்டிலையே தூக்கிப் போட்டுடறாங்க. போர் தண்ணியில இரும்புச் சத்து இருந்தா அப்படித்தான் படியும். லெமன் சால்ட்ல போயிட்டு, அடியில ஸ்டீல் குழி விழாம வழவழன்னு இருந்தா கெட்டில் துருப்பிடிக்கலை.

வயர்மேன்_தாம்பரம்

ரெண்டாவதும் மூணாவதும் ஒரே தப்புங்க. கெட்டில் போட்டா இன்வெர்ட்டர் ஓவர்லோட் ஆகுதுன்னா, நீங்க குத்தியிருக்கிற பாயிண்ட் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு. வீடுகள்ல இன்வெர்ட்டருக்குக் கொடுக்கிறது பெரும்பாலும் லைட், ஃபேன், 6 ஆம்ப் பாயிண்ட் தான். 1500 வாட்டை 230 வோல்ட்டால வகுங்க, 6.5 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு அது கூடுதல். அதுவும் பழைய சாக்கெட், உள்ளே பித்தளைப் பட்டை தளர்ந்திருந்தா அந்த இடத்துலதான் சூடு ஏறும். வீட்டு இன்வெர்ட்டர் 900 விஏ மாதிரி இருக்கும், அது 1500 வாட்டை இழுக்கவே இழுக்காது.

சமையலறையில 16 ஆம்ப் பவர் பாயிண்ட் பாருங்க, துளை பெருசா இருக்கும். ஓவனோ கிரைண்டரோ போடுற பாயிண்ட்டா இருக்கும். அதுல போடுங்க. கெட்டில் பின் சின்னதா இருந்தாலும் 6, 16 ரெண்டும் ஏத்துக்கிற சாக்கெட்ல இறுக்கமா உக்காந்தா போதும். கெட்டில் பின் பெருசு, சாக்கெட் சின்னதுன்னா கன்வெர்ஷன் பிளக் வாங்கி மாட்டாதீங்க. பிளக் பொருந்திடும், வயரு அதே பழைய மெல்லிசு வயரு. பவர் பாயிண்ட்டே இல்லைன்னா 2.5 சதுர மி.மீ. வயர்ல போர்டுல இருந்து தனியா இழுத்து 16 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) போடச் சொல்லுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே வேண்டாம். சுட்டுக் கருத்த பிளக், சாக்கெட் ரெண்டையும் மாத்திடுங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசும் கருகிடும்.

ஒண்ணு கவனிங்க: எம்சிபி விழுந்தா லோடு கூடுதல், இல்லைன்னா ஷார்ட் சர்க்யூட். ஆர்சிசிபி, அதாவது ஷாக் அடிக்காம காக்கிற சுவிட்ச், விழுந்தா கரண்ட் கசிவு. கெட்டில் போட்டதும் ஆர்சிசிபி விழுதுன்னா லெமன் சால்ட் எல்லாம் உதவாது, அந்தக் கெட்டிலைத் தொடாதீங்க.

கோடம்பாக்கம்_குடித்தனம்

கடைக்காரர் சொன்ன 2000 வாட் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம்ம ஊரில் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 293 கிலோஜூல் வேண்டும். 1500 வாட்டில் கணக்குப்படி மூன்றேகால் நிமிடம், 2000 வாட்டில் இரண்டரை. வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இரண்டுமே கொஞ்சம் கூடும். மிச்சம் ஒரு நிமிடத்துக்குள்தான். அதற்காக 8.7 ஆம்ப் இழுக்கும் கெட்டில் உங்களுக்கு எதற்கு? மின்சாரம் இரண்டிலும் ஒன்றுதான், லிட்டருக்கு சுமார் 0.1 யூனிட். ஒரு நாளைக்கு 3 லிட்டர் காய்ச்சினாலும் இரண்டு மாத பில்லில் 18 யூனிட் கூடும், அவ்வளவுதான்.

கோடைச் சாயங்காலத்தில் கெட்டில் மெதுவாக ஓடினால் அதைக் குறை சொல்லாதீர்கள். வோல்ட்டேஜ் 200க்கு இறங்கினால் 1500 வாட் கெட்டில் 1130 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும்.

2 லிட்டர் வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் உங்கள் மாமனார். தண்ணீரே 2 கிலோ, கெட்டில் ஒரு கிலோ. நடுங்கும் கையில் 3 கிலோ கொதிநீரைக் கொடுக்கக் கூடாது. ஒரு லிட்டர் எடுங்கள். சின்னக் கெட்டிலில் குறைந்தபட்சக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் அது அரை லிட்டர், ஒரு தம்ளர் காய்ச்ச முடியாது.

டபுள் வால் என்று அவர் சொன்னது மட்டும் சரி. உள்ளே ஸ்டீல், வெளியே பிளாஸ்டிக் உறை, நடுவில் காற்று. கொதிக்கும்போதும் வெளிப்பக்கம் தோலைப் பொசுக்காது. குழந்தையும் பெரியவரும் இருக்கும் வீட்டுக்கு இதுவே போதுமான காரணம். ஆனால் அது ஃபிளாஸ்க் இல்லை. நடுவில் இருப்பது வெற்றிடமல்ல, வெறும் காற்று. இரவு பத்து மணிக்குக் காய்ச்சினால் இரண்டு மணிக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும். படுக்கப்போகும் முன் காய்ச்சி நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் ஊற்றி அவர் தலைமாட்டில் வையுங்கள். இருட்டில் அவர் கெட்டிலைத் தொடவே வேண்டாம். இதற்காக 'கீப் வார்ம்' மாடலுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்காதீர்கள், விடிய விடிய மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

கடையில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கை நுழைகிற வாய் வேண்டும், இல்லையென்றால் உப்பைத் தேய்க்க முடியாது. சுருள் கம்பி வெளியே தெரியும் பழைய வகை உங்கள் தண்ணீருக்கு ஆகாது, கம்பியைச் சுற்றிப் படிவதை எடுக்கவே முடியாது. தட்டையான அடித்தட்டு எடுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் மட்டம் காட்டும் பிளாஸ்டிக் ஜன்னல் அழகுதான், ஆனால் ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் சேரும் அந்த இடத்தில்தான் நாளடைவில் கசியும். உட்புறமே கோடு அடித்திருப்பது மேல்.

அண்ணாநகர்_டீ

கண்ணாடிக் கெட்டிலை ஏன் யாரும் சொல்லலை? போரோசிலிகேட், சூடு தாங்குற கண்ணாடி, வாசனை ஒட்டாது, உள்ளே என்ன இருக்குன்னு தெரியும்.

கோடம்பாக்கம்_குடித்தனம்

கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுகிற வீட்டுக்கு நன்றாக இருக்கும். போர் தண்ணீருக்கு இரண்டே நாளில் வெண்படலம் ஊருக்கே தெரியும். வெளிப்பக்கமும் கொதிக்கக் கொதிக்கச் சுடும், இவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ரிப்பேர்_பெஞ்ச்

ஸ்டீல் பத்தி ஒரு விஷயம். காந்தம் ஒட்டலைன்னா 304, அதாவது நல்ல தர ஸ்டீல் தான்னு கடையில காட்டுவாங்க. மட்டமான 202 ஸ்டீல்லயும் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனையில ஒண்ணும் தெரியாது. உள்பாத்திரம் 304னு பெட்டியில எழுதியிருக்கான்னு பாருங்க. அதோட ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழ சிஎம்/எல் நம்பர் இருந்தா, பிஐஎஸ் கேர் செயலியில போட்டா யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுமான்னு அங்கேயே காட்டும்.

மேடவாக்கம்_மருமகள்

பார்த்தேன், நான் போட்டிருந்தது சின்ன பாயிண்ட் தான். ஃபிரிட்ஜ் பக்கத்துல பெரிய பாயிண்ட் சும்மாதான் இருக்கு. சரி, பால்? ஆவி?

கோடம்பாக்கம்_குடித்தனம்

பால் கூடவே கூடாது. அடித்தட்டு அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதால் பால் அடியில் ஒட்டிக் கருகும். பொங்கினால் மூக்கு வழியே வழிந்து கீழ் இணைப்பில் இறங்கும். ஆவி போகும் ஓட்டையைப் பாலாடை அடைத்துவிட்டால் அதன்பின் கெட்டில் தானாக அணையாது. குமிழ் வைத்த மல்டி கெட்டில் என்று 600 வாட்டில் அகல வாயோடு வருகிறதே, அதில் நூடுல்ஸ், முட்டை செய்யலாம். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குச் சரி, 2.6 ஆம்ப் தான் இழுக்கும். அதிலும் பாலைப் பக்கத்தில் நின்றுதான் காய்ச்ச வேண்டும். உங்கள் மாமியாருக்கு விசில் அடிக்கிற மில்க் குக்கர் வாங்கிக் கொடுங்கள், சண்டையே வராது.

ஆவிக்கு: நொச்சி, மஞ்சள், தைலம் எதையும் கெட்டிலுக்குள் போடாதீர்கள். எண்ணெய்ப் பசையும் வாசனையும் மூடியின் ரப்பரில் ஏறிவிடும், அடுத்து குழந்தையின் பாலில் தைல வாடை வரும். வெந்நீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, பாத்திரத்தை மேசையில் அசையாமல் வைத்து, அதில் போடுங்கள்.

பவுடர் பால் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால். கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே எடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி, அரைமணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் அந்தச் சூடு இருக்கும். கலந்தபின் பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். டிகிரி காட்டும் கெட்டில் இருந்தால் சௌகரியம், கட்டாயம் இல்லை.

அண்ணாநகர்_டீ

வாத்துக் கழுத்து மாதிரி மூக்கு நீண்ட கெட்டில் ஃபில்டர் காபிக்கு நல்லதா?

கோடம்பாக்கம்_குடித்தனம்

நம்ம ஃபில்டருக்குத் தேவையே இல்லை. காம்பு வைத்த தட்டு பொடி மேலே உட்கார்ந்திருக்கிறதே, எந்த மூக்கில் ஊற்றினாலும் பொடி கிளறாது. அந்தக் கெட்டில் காகித வடிகட்டியில் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறவர்களுக்கு.

மேடவாக்கம்_மருமகள்

லெமன் சால்ட் ரெண்டு தடவை போட்டாச்சு, அடித்தட்டு பளிச்சுனு ஆயிடுச்சு! ஒரு லிட்டர் டபுள் வாலும் ஃபிளாஸ்க்கும் வாங்கப் போறோம். பழசைத் தூக்கிப் போடறதா?

ரிப்பேர்_பெஞ்ச்

அவசரப்படாதீங்க. பிளக்கை மாத்திட்டு பெரிய பாயிண்ட்ல போட்டு, ஒரு லிட்டர் ஊத்தி மணி பாருங்க. நாலு, நாலரை நிமிஷத்துல தளதளன்னு கொதிக்கணும். அப்புறம் அரை நிமிஷத்துக்குள்ள சுவிட்ச் மேல வரணும். பிளக் கையில சுடக்கூடாது. அடித்தாங்கியைத் தலைகீழாத் திருப்பினா ஈரம் இருக்கக்கூடாது. இது நாலும் சரின்னா பாட்டில் கழுவவும் ஆவிக்கும் குழாய்த் தண்ணியை அதுல காய்ச்சுங்க, புதுசுல கேன் தண்ணியைத் தவிர எதையும் ஊத்தாதீங்க. சுவிட்ச் மட்டும் சண்டித்தனம் பண்ணுதுன்னா மிக்சி ஸ்பேர் விக்கிற கடையில கெட்டிலையே கொண்டுபோய்க் காட்டுங்க, தெர்மோஸ்டாட்டும் கீழ் இணைப்பும் ஜோடியா மாத்தலாம். அடித்தட்டு எலிமென்ட் போயிருந்தா மாத்த வழியில்லை, பழைய எலக்ட்ரானிக் பொருள் எடுக்கிறவங்ககிட்ட போட்டுடுங்க.