புழல் முகாமில் மனநலக் கேள்வித்தாள்: அப்படியே கேட்பதா, மாற்றிக் கேட்பதா?

மாதவரம் மணி:
புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் மனச்சோர்வுப் பரிசோதனை நடத்த எங்கள் குழு யோசிக்கிறது. பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளே போதும் என்பது என் கட்சி. ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்பலாம். தமிழிலும் இருக்கிறது. அவர்களும் தமிழர்கள்தானே, தனியாக எதற்கு ஒரு தாள்?

காவாங்கரைக்காரி:
தமிழர்கள்தான், சார். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி என்று மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்று கேட்டுப் பாருங்கள், முகாமே நோயாளியாகிவிடும். கேட்பது யார் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஆள் கணக்கு, கையெழுத்து, க்யூ பிராஞ்ச் போலீஸ் என்றே பல வருடம் வாழ்ந்தவர்கள் இவர்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்று அந்த ஒன்பதாவது கேள்வியைக் கேட்டால், "அப்பிடி ஒண்டுமில்லைத் தம்பி" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் தாளில் பூஜ்யம் விழும்.

மாதவரம் மணி:
ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. அதை விளக்கிவிட்டுக் கேட்கலாமே. இடத்துக்கு இடம் கேள்வியை மாற்றினால் அந்த 10-க்கு என்ன மரியாதை?

காவாங்கரைக்காரி:
சட்டத்தை வாசித்துக் காட்டினால் பயம் போய்விடுமா?

பழைய வண்ணை நர்ஸ்:
மணி, மாற்றுவதென்றால் வாய்க்கு வந்தபடி கேட்பதில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் அகதிகளுக்கென்றே ஆர்எச்எஸ்-15 என்ற தாளை உருவாக்கினார்கள். ஈராக், பர்மா, பூட்டான் அகதிகளிடம் சோதித்தும் பார்த்தார்கள். அது உடம்பு வலியில் தொடங்குகிறது. கடைசியில் ஒரு வெப்பமானிப் படம், மனப்பாரம் எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் விரலை வைத்தால் போதும். அதிலும் கணக்கு உண்டு: முதல் 14 கேள்விகளில் மொத்தம் 12 மதிப்பெண்ணோ, வெப்பமானியில் 5-ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் அனுப்பலாம். இந்த எண்கள் நம் முகாமுக்குப் பொருந்துமா என்று முதலில் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காசிமேட்டான்:
எந்தத் தாளானாலும் அடுத்து என்ன? பெயின்ட் வேலைக்குப் போகிறவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அன்றைய கூலி போச்சு. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி என்றாலோ வீட்டில் பெண் கேட்டுக்கூட யாரும் வரமாட்டார்கள். மாதம் ஒருமுறை டாக்டர் முகாமுக்கே வருவாரென்றால் கேளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

மாதவரம் மணி:
டாக்டருக்கு ஏற்பாடு செய்யலாம். பிஎச்க்யூ-9-ஐ நான் விடுவதாக இல்லை. முகாம் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துக் கேட்கச் சொன்னால்?

காவாங்கரைக்காரி:
பக்கத்து வீட்டு அக்காவிடமா? குழாயடிக்குப் போவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். வேறு முகாம் பெண்களை, கும்மிடிப்பூண்டியிலிருந்து அழைத்து வாருங்கள்.