ஓயாமல் ஒத்திசைக்கும் மென்பொருள்: கணினி திணறுகிறது, உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் அழைப்பிதழ் அச்சிடும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வடிவமைப்பாளரின் மேக் கணினிக்கும் என்னுடைய விண்டோஸ் கணினிக்கும் இடையே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் பயன்படுத்தும் கிளவுட் மென்பொருள், எந்தக் கோப்பையும் திறக்காத நேரத்திலும் என் கணினியின் மையச் செயலியின் (CPU) திறனில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. விசிறியின் இரைச்சலில் வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசவும் முடிவதில்லை.

மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியும், வைரஸ் தடுப்புச் சோதனையிலிருந்து அந்தக் கோப்புறைக்கு விலக்கு அளித்தும் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: ‘கோயில் திருவிழா’, ‘பொங்கல் வாழ்த்து’ போன்ற பெயருள்ள கோப்புறைகள் மட்டும் இரட்டையாகத் தோன்றுகின்றன, ‘திருமணம்’ ஒன்றாகவே இருக்கிறது. கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கோ’, ‘பொ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயரை மென்பொருள் இரண்டாகக் கருதி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறதோ என்று ஐயப்படுகிறேன்.

என் ஊகம் சரியா? சரியென்றால், பல ஆண்டுக் கோப்புகளின் பெயர்களை உள்ளடக்கம் கெடாமல் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வழியை, இரு கணினிகளில் எதில் முதலில் தொடங்க வேண்டும் என்பதோடு சேர்த்துத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிவிடுவது எளிதுதான். அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.