மலேசியாவின் கிரிக்–ஜெலி மலைச் சாலை: 150 சிசி பைக் தாங்குமா?

பட்டர்வொர்த் பையன்:
தீபாவளி லீவில் பாலிங், கிரிக் வழியாக ஜெலி வரை போகலாம் என்று இருக்கிறேன். பின்னால் மனைவி. அம்மா இப்போதே "யானை, யானை" என்கிறார். கிளம்பலாமா?

பழைய ரைடர்:
வண்டி தாங்கும் தம்பி, இருட்டினால்தான் வம்பு. கிரிக்கிலிருந்து ஜெலி ஏறக்குறைய 120 கிலோமீட்டர், பெரும்பாலும் காடு. கிரிக்கிலேயே டேங்க்கை நிரப்பிவிடு. ஒருமுறை மாலை ஆறரைக்கு, வழியில் ஏரி மேல் இருக்கும் பண்டிங் பாலம் தாண்டிப் போனால் நடுரோட்டில் ஆவி பறக்கும் யானைச் சாணம்! ஹாரன்கூட அடிக்கவில்லை; திரும்பி வந்து பண்டிங்கில் ரூம் போட்டேன்.

பாகான் அக்கா:
நவம்பர் என்றால் கிழக்குக் கரை மழை வேறு. மழைக்கோட்டைப் பையில் மேலாக வையுங்கள். விடியற்காலைப் பனிமூட்டம் கலைந்த பிறகு ஏறுங்கள்.

பட்டர்வொர்த் பையன்:
சரி அண்ணே, கிரிக்கில் இரவு தங்கல். அம்மாவிடம் சாணத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.