புதுப்பிப்பு: கீழடிக்குப் போய் வந்தேன்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: தனி ஆளாகச் செய்யும் புதிர் கேம் மூன்றாவது லெவலில் நின்றுவிட்டது, விட்டுவிடலாமா என்று. "முதலில் ரூமை விட்டு வெளியே போங்க" என்றீர்கள் பலர். சரி என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மதுரையிலிருந்து பக்கம்தான். இருந்தும் இப்போதுதான் போகிறேன், வெட்கம்! பானைகளைப் பார்க்கப் போனவன் சுடுமண் ஆட்டக்காய்கள், பகடை, வட்டச்சில்லுகள் முன்னால் நின்றுவிட்டேன். சில்லுகள் பெரும்பாலும் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துச் செய்தவை. பட்ஜெட் இல்லாத கேம் என்றால் அதுதான். எங்கள் தெருப் பிள்ளைகள் நொண்டி ஆட இன்னும் ஓட்டாஞ்சில்லுதான் தேடுகிறார்கள்.

என் மூன்றாவது லெவலில் பதினோரு விதப் பொருட்கள் இருந்தன. இரவே எட்டைத் தூக்கிவிட்டேன். இப்போது நகர்கிறது.

நம் கதையை யார் விளையாடுவார்கள் என்றும் கேட்டிருந்தேன். டொராண்டோவில் ஒரு சிறு குழு இட்லி, பிரியாணி சமைக்கும் தமிழ்க் குடும்பத்தை வைத்தே 2023இல் 'வெண்பா' கேமை வெளியிட்டது. கேள்வியை வாபஸ் வாங்குகிறேன்.

அடுத்த வாரம் கீழக்குயில்குடி சமணர் மலை. யாராவது வருகிறீர்களா?