புதுப்பிப்பு: மகளின் கச்சேரி முடிந்தது

சேம்பர் ஆர்கெஸ்ட்ரா எனும் சிறிய தொழில்முறை இசைக்குழுவோடு மகள் வயலின் வாசிக்கப் போகிறாள், எனக்குத் தூக்கமே இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நேற்று லண்டனில் கச்சேரி நல்லபடியாக முடிந்தது.

ஒரு மாணவருக்கும் ஒரு கலைஞருக்கும் சேர்த்து இசைத்தாள் வைக்க ஒரே ஸ்டாண்ட். மேடையின் உள்பக்கம் இருப்பவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். ஒத்திகையில் இவள் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள். பக்கத்திலிருந்தவர் மனப்பாடமாக வாசித்துக்கொண்டே சிரித்தாராம்!

முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்தும் கண்டக்டர் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் தொடங்கினார்கள்.

வாசித்தது ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் ‘செயின்ட் பால்ஸ் சூட்’ என்ற, பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு. தான் பாடம் நடத்திய லண்டன் பள்ளி மாணவிகளுக்காக அவர் எழுதியது. அதனால் லேசு என்று நினைக்காதீர்கள். கடைசிப் பகுதியில் இரண்டு பழைய மெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். அங்கேதான் எனக்குக் கை வியர்த்தது. அவளுக்கு இல்லையாம்.