ராணிப்பேட்டை குரோமியக் கழிவுமேடு: பக்கத்துத் தொழிற்கூடங்கள் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி:
ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அகற்றி நிலத்தை மீட்க வேண்டும் என்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் தோண்டும்போது கிளம்பும் தூசியிலிருந்து, அருகில் பட்டறை நடத்தும் எங்கள் தொழிலாளர்களுக்கு என்ன பாதுகாப்பு?

பதில் 1:
ஐயா, உங்கள் கவலை நியாயமானது. அந்தக் கழிவில் உள்ள, குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் மூச்சுவழி சென்றால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எனவே ஈரப்படுத்தித் தோண்டுவதையும், மூடிய லாரிகளையும், உங்கள் மதில் ஓரத்தில் காற்றின் தர அளவீட்டையும் எழுத்துமூலம் கேளுங்கள்.

பதில் 2:
தூசியைவிட மழையே எனக்கு அச்சம் தருகிறது. கழிவை அப்படியே விட்டாலும் மழைக்காலத்தில் குரோமியம் கரைந்த மஞ்சள் நீர் கசியத்தான் செய்யும். ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைச் சேர்த்து, குரோமியத்தை எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றிய பிறகே கழிவைப் புதைக்க வேண்டும். பருவமழை மாதங்களில் தோண்டவே கூடாது.