பக்கத்து நிலத்தில் புதைத்த ரசாயனக் கழிவு: தண்ணியை இறைக்கணுமா, மண்ணை அள்ளணுமா?

தென்னந்தோப்பு: உச்சிப்புளி பக்கம் எங்க தோப்பு. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ரசாயனக் கழிவு பீப்பாய்களைப் புதைச்சிட்டுப் போயிட்டார். மழைக்கு அப்புறம் எங்க கிணத்துல ஒரே நெடி. ராத்திரி பகலா மோட்டார் ஓட்டினா சரியாயிடும்ங்கிறாங்க. மண்ணைத்தான் அள்ளணும்னும் சொல்றாங்க. எது சரி?

மேட்டுக்கிணறு: இறைச்சுத் தள்ளுங்க தம்பி. நம்மது மணல் பூமி, கெட்ட தண்ணி போகப்போக நல்ல தண்ணி ஊறும். ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சத்தைக் கழுவிடும். மண்ணை அள்ள ஜேசிபி, லாரின்னு இறங்கினா செலவு உங்க தலையிலதான் விடியும்.

தேரிமணல்: அண்ணே, கொங்குநாட்டுக் கிணத்துக்குச் சொல்ற வைத்தியம் இது. இங்கே கழிவையும் மண்ணையும்தான் அள்ளணும். நம்ம கரையில நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணி இருக்கும்ங்கிறது நிலத்தடி நீர்க் கணக்கு. மேல 1 அடியை இறக்கிட்டா, நாளாவட்டத்துல அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். விஷம் போறதுக்கு முன்னாடி கடல் உள்ளே வந்துடும். அப்புறம் அந்தக் கிணறு தென்னைக்கும் ஆகாது. இறைச்ச தண்ணியை எங்கே விடுவீங்க? வாய்க்கால்ல விட்டா அடுத்த ஆள் வயலுக்குத்தான் போகும்.

மேட்டுக்கிணறு: இறைச்சு, சுத்திகரிச்சு விடுறது உலகம் முழுக்க இருக்கிற முறைதான். நீங்க சொல்றபடி மண்ணை அள்ளணும்னா யார் காசு? ராஜஸ்தான்ல உதய்பூர் மாவட்டம் பிச்ரி கிராமத்துல எச்-அமிலம்ங்கிற சாய ரசாயனத்தோட கழிவால கிணறுகள் பாழாச்சு. உச்ச நீதிமன்றம் 1996-ல தீர்ப்புச் சொல்லியும், 37 கோடி ரூபாய்க்கு மேல சீரமைப்புச் செலவைக் கட்டச் சொல்லி 2011-லயும் வழக்கு நடந்துச்சு. அதுவரைக்கும் தம்பியோட தென்னை தாங்குமா?

தேரிமணல்: வழக்கு இழுக்கும், மறுக்கலை. ஆனா கழிவை அப்படியே விட்டா என்ன ஆகும்னு ராணிப்பேட்டையைப் பாருங்க. குரோமியத் தொழிற்சாலை 1995-லயே மூடியாச்சு. லட்சம் டன்னுக்கு மேல கழிவு குவிஞ்சு கிடந்துச்சு, பெய்யிற மழையெல்லாம் அதைக் கரைச்சு நிலத்துக்குள்ள இறக்குச்சு. மழை கழுவும்னு நீங்க சொன்னது இதுதான் அண்ணே. தம்பி, இப்பவே புதைச்ச இடத்து மேல தார்ப்பாய் போட்டு, சுத்தி வரப்பு உயர்த்தி மழைத்தண்ணியைத் திருப்பிவிடுங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் எழுத்துல மனு கொடுங்க. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-ன்படி நிவாரணம் கேட்க 5 வருஷக் கெடு உண்டு, அதைத் தவற விடாதீங்க.

ஊத்துத்தண்ணி: மோட்டாரா ஜேசிபியான்னு ரெண்டு பேரும் பேசுறீங்களே, அந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்களை யாராவது நினைச்சீங்களா? மணல்ல ஊத்து தோண்டி அகப்பையில மோந்து குடம் நிரப்புற பொம்பளைங்க கடல் பக்கம்தானே இருக்காங்க? நிலத்தடித் தண்ணியும் அந்தப் பக்கம்தான் ஓடுது. முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. ஆடு மாட்டுக்கும் காட்டாதீங்க. காய்ச்சிக் குடிக்கலாம்னு நினைக்க வேண்டாம், உலோக விஷம் கொதிச்சா போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும்.

மேட்டுக்கிணறு: அந்த அம்மா சொல்றது நியாயம். ஆனா பீப்பாயில என்ன இருக்குன்னே தெரியாம தோண்டக் கூடாது. ஜேசிபி பல்லு பட்டு ஒரு பீப்பாய் கிழிஞ்சா, குழிக்குள்ள நிக்கிற கூலிக்காரன் கதி என்ன?

தேரிமணல்: அதுல உங்க பக்கம்தான் நானும். சோதனை முதல்ல. எண்ணெய்னா தண்ணி மேல மிதக்கும், சில கரைப்பான்கள் தண்ணியை விடக் கனம், அடிக்குப் போயிடும், ஆறு இணைதிறன் குரோமியம்னா (ஹெக்ஸாவேலன்ட்ங்கிற விஷ வகை) தண்ணியோட கரைஞ்சு நகரும். ஒவ்வொண்ணுக்கும் வேற வேலை. அள்ளுறதும் உரிமம் உள்ளவங்க செய்யணும், அபாயக் கழிவுக்குன்னு கும்மிடிப்பூண்டியில இருக்கிற மாதிரி கிடங்குக்குத்தான் போகணும்.

மேட்டுக்கிணறு: சோதனை முடிவு வரட்டும். மேலாக மிதக்கிற எண்ணெய்னா அதை மட்டும் வழிச்சு எடுக்கலாம்னுதான் அப்பவும் சொல்வேன். எல்லாத்துக்கும் மண்ணை அள்ளுன்னா சின்ன விவசாயி நிலத்தையே வித்துட்டுப் போவான்.

தென்னந்தோப்பு: மோட்டாரை நிறுத்திட்டேன். ஊத்துக்கு வர்றவங்ககிட்ட எங்க அம்மா இன்னிக்கே சொல்லப் போறாங்க. தார்ப்பாய்க்கு ஆள் சொல்லியிருக்கு, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறேன். சோதனைக்குத் தண்ணி எடுக்க எந்த பாட்டில், எவ்வளவு ஆழத்துல எடுக்கணும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க.